முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது

திருநெல்வேலி, சிந்துபூந்துறை உறுப்பினர்:

எங்கள் அப்பா கட்டிய வளவில் (ஒரே காம்பவுண்டுக்குள்) கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு வாடகை வீடுகள் உண்டு. பின்கட்டில் நாங்கள் இருக்கிறோம். வீட்டுக்கு 5,500 ரூபாய் வாடகை. குடிவந்தவர்கள் தந்த முன்பணத்தை எடுத்துத்தான் தட்டோட்டிக்கு (மொட்டை மாடிக்கு) ஓடு பதித்தோம், மோட்டார் மாற்றினோம். நான்கு குடும்பமும் ஒரே நாளில் காலி செய்யப் போவதில்லை, வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் போகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. இந்தப் பக்கத்தில் பலருடைய கணக்கும் அதுவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்து வந்தபோது அந்தக் கணக்குத் தவறியது. கீழ்வீடுகளில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பட்டாசலில் (கூடத்தில்) கணுக்கால் அளவு வண்டல் கிடந்தது. நான்கு நாள் வாரினோம். ஐந்தாம் நாள் கீழ்வீட்டுத் தம்பி வந்து, "அண்ணாச்சி, பிள்ளைங்க இனி இங்க உறங்காது. அட்வான்ஸைத் தந்திருங்க, பெருமாள்புரத்துல வீடு பாத்துட்டேன்" என்றார். பக்கத்து வீட்டினரும் அதையே கேட்டார்கள். காயாத சுவரில் வண்ணம் நிற்காது என்பதால் கோடை வரை அந்த வீடுகளைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்; அதுவரை புதிதாக யாரும் வரப்போவதில்லை. என் கையில் இருந்ததோ, வயரிங் மாற்ற எடுத்து வைத்த பணம் மட்டும்.

தொகையிலும் சிக்கல் வந்தது. நான் 30,000 என்றேன். கீழ்வீட்டுத் தம்பி 40,000 என்றார். அப்பா எழுதிவந்த வாடகை நோட்டு அலமாரியின் அடித்தட்டில் இருந்ததால், மை முழுவதும் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. இவர் கூட்டிச் சொல்கிறார் என்று நான் நினைத்தது உண்மை. அவருடைய மனைவி பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில், இரண்டாம் ஆண்டு மேலும் 10,000 ரூபாய் பெற்றுக்கொண்டதாக அப்பா எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு எழவில்லை. இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். என் மனைவியின் வளையல்களை அடகு வைத்து இரண்டு குடும்பத்துக்கும் முழுத்தொகையைக் கொடுத்தோம். அவற்றை மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இப்போது நான் 16,500 ரூபாய் மட்டும் வாங்கி, அன்றைக்கே தனி அஞ்சலகக் கணக்கில் போட்டுவிடுகிறேன். ஒப்பந்தத்தை இரண்டு படியாக எழுதி, அதைப் படம் பிடித்து இருவரும் வாட்ஸ்அப்பிலும் வைத்துக்கொள்கிறோம். குடிவரும் நாளன்று மின் மீட்டர் அளவு, குழாய், கதவு, சுவர் ஆகியவற்றையும் படம் எடுக்கிறோம். காலி செய்யும்போது வண்ணம் அடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆணி அடித்த ஓட்டையும் அடுக்களைக் கரியும் ஐந்தாண்டு ஒரு குடும்பம் வாழ்ந்ததால் வருபவை. அதற்காகக் கூலி வேலை செய்கிறவரிடம் 5,500 ரூபாயைப் பிடிப்பது நியாயமன்று என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

டவுன் உறுப்பினர்:

அண்ணாச்சி, உங்களுக்கு முன்பணத்தில் நேர்ந்தது எனக்கு ஒத்தியில் (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகப் பணம் வாங்கி, கெடு முடிந்ததும் அதைத் திருப்பித் தரும் முறையில்) நேர்ந்தது. ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரே வீட்டை மூன்று ஆண்டுக் கெடுவில் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டேன். ஒத்திக்கு இருப்பவர் மாத வாடகை தருவதில்லை என்பதால், கெடு நெருங்கும்போது சேர்த்து வைக்க அந்த வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் இருப்பவருக்குக் கொடுக்க முடியும். என்னுடைய கெடு ஆடியில் முடிந்தது. ஆடியில் யார் வீடு மாறுவார்? குடியிருந்த அக்கா ஆவணி வரை பொறுத்துக்கொண்டார், ஆனால் அதற்குள் அவர் பார்த்து வைத்திருந்த வீடு கைவிட்டுப் போயிற்று, அதற்கு அவர் கொடுத்திருந்த 5,000 ரூபாயும் திரும்பி வரவில்லை. அந்த 5,000 ரூபாயையும் சேர்த்துத்தான் நான் அவருக்குக் கொடுத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனும், தங்கையிடம் கைமாற்றும் வாங்கி அடைத்த பிறகு வீட்டை 7,000 ரூபாய் வாடகைக்கு மாற்றிவிட்டேன். அதில் பாதி தங்கைக்குப் போகிறது. இன்னும் பதினொரு மாதம் கொடுக்க வேண்டும்.