டெல்லி கணேஷின் நடிப்பை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி:

வணக்கம். தமிழ்த் திரையின் குணச்சித்திர நடிகர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். அதில் டெல்லி கணேஷ் அவர்களுக்குத் தனிப்பகுதி ஒன்றை ஒதுக்க விரும்புகிறேன். 400க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், 2024 நவம்பர் 9 அன்று 80ஆம் வயதில் காலமானார் என்ற செய்திகள் எல்லா இரங்கல் குறிப்புகளிலும் இருக்கின்றன. ஆனால், அவர் நடிப்பில் இருந்த தனித்தன்மை என்ன என்பதை விரிவாகச் சொன்ன எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. விமானப்படையில் பணியாற்றியவர் நடிகரானது எப்படி, எந்தப் படங்களை முதலில் பார்க்க வேண்டும், சின்னத்திரையில் அவர் செய்த வேலைக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி:

நாடகத்திலிருந்து தொடங்குங்கள் ஐயா. 1944இல் வல்லநாட்டில் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் இருந்தார். தலைநகரில் தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்ததுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசுவின் நாடகமான ‘பட்டினப் பிரவேசம்’ 1977இல் கே. பாலசந்தரின் இயக்கத்தில் படமானபோது திரைக்கு வந்தார். டெல்லி கணேஷ் என்ற பெயரைச் சூட்டியவரும் பாலசந்தரே.

சபா நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே தவறினால் திருத்திக்கொள்ள மறுபடி வாய்ப்பு இல்லை. சொல் கடைசி வரிசைக்கும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அரங்கின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் நடிப்பவர் பேசும்போது பாத்திரமாகவே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் படங்களில் வசனம் இல்லாத கணங்களை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். அந்தப் பயிற்சி முழுவதும் அங்கே தெரியும்.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால், அவருடைய வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ‘பசி’ வெளிவந்தது 1979இல். அதில் ஷோபாவின் தந்தையாக நடித்து மாநில அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். 1990இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் சமையல்காரர் பாலக்காடு மணி ஐயராக வந்து, தம்மைவிடப் பத்து வயது மட்டுமே இளையவரான கமல்ஹாசனுக்கு வளர்ப்புத் தந்தையானார். நரைத்த தலையை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தந்தை நம் மனத்தில் நிலைத்திருக்க மாட்டார். மகன்மீதுள்ள கவலையைப் பாலக்காட்டுத் தமிழின் இழுப்பிலேயே அவர் வைத்துவிட்டார். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் கொடியவர்களில் ஒருவராக அதே கமலுக்கு எதிரே நின்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இருப்பினும் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் ‘சிந்து பைரவி’யைப் (1985) பாருங்கள். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகரால் விலக்கப்படும் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி அவர். அழுது மன்றாடிப் பார்ப்பவரின் அனுதாபத்தைப் பெறுவது எளிது. அவரோ தம் கலைமீதுள்ள பற்றையும் தம் பலவீனத்தின்மீதுள்ள வெட்கத்தையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னர் அந்தப் பாடகரே குடியில் விழும்போது, முன்பு கண்ட குருமூர்த்தியின் முகம்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் மறுமொழி:

சின்னத்திரையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘மர்மதேசம்’, ‘கஸ்தூரி’ போன்ற தொடர்களின் வழியாகத் திரையரங்குக்கே போகாத முதியவர்கள் பலருக்கு அவர் வீட்டு மனிதரானார். தொடர் நடிப்பு எளிதானதன்று. நாளொன்றுக்குப் பல காட்சிகளை எடுத்து முடிக்க வேண்டிய நிலையில் ஒத்திகைக்கு நேரமே கிடைக்காது; வசனத்தை உடனே மனத்தில் ஏற்றி, முந்தைய வாரத்து மனநிலையைப் பிசகாமல் தொடரும் திறன் வேண்டும். மேடையில் பழகியவர்களுக்கே அது கைகூடும்.

அவருடைய குரலையும் விட்டுவிடாதீர்கள். ‘47 நாட்கள்’ படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவர் அவரே. முகம் தெரியாமல், வேறொருவரின் உதட்டசைவுக்குள் ஒரு முழுப் பாத்திரத்தை அங்கே அவர் அமைத்திருக்கிறார்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படங்களை ஆண்டுவாரியாக அடுக்குவதாக இருந்தேன். இப்போது ‘சிந்து பைரவி’யின் அந்தக் காட்சியிலிருந்து தொடங்கி, அங்கிருந்து நாடக மேடைக்குப் பின்னோக்கிச் செல்வதாக மாற்றிக்கொண்டேன். குரல் நடிப்புக்கும் தனிப்பத்தி உண்டு. அவருடைய இறுதி நிகழ்வில் விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தியதைக் கட்டுரையின் கடைசியில் சேர்க்கிறேன்.