ஃபைபர் படகுக்கு ஈய பேட்டரியா, லித்தியமா? பதினைந்தாயிரத்துக்குள் எது தாங்கும்?

நாகை ஃபைபர்:
எங்களுடையது 30 அடி ஃபைபர் படகு. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்கிறோம், அதனால் ஸ்டார்ட்டுக்கு பேட்டரி வேண்டாம். ஜிபிஎஸ் சேர்ந்த எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பார்க்கும் கருவி), விஎச்எஃப் வயர்லெஸ், மேலே ஒரு விளக்கு, வலை வாங்கும்போது போடும் எல்இடி, நாலு பேர் செல்போன், இத்தனைக்கும் ஒரே பேட்டரி. சாயங்காலம் போனால் விடியும்போது கரைக்கு வருவோம்.

இப்போது கிடப்பது பழைய கார் பேட்டரி. நடுச்சாமத்துக்கு மேல் வயர்லெஸ் மைக்கை அழுத்தினால் ஜிபிஎஸ் திரை அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆன் ஆகிறது. அது சாட்டிலைட் பிடிக்கிற வரைக்கும் வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியாமல் நிற்கிறோம்.

கையில் பத்தாயிரம் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் பதினைந்து. கடையில் இன்னொரு கார் பேட்டரி போடு என்கிறார்கள். சித்தப்பா மகன் லித்தியம் வாங்கு என்கிறான். எதை நம்புவது?

கடலூர் பேட்டரிக் கடை:
தம்பி, கார் பேட்டரி மட்டும் மறுபடி வாங்காதீர்கள். அதில் இருப்பது மெல்லிய தகடு. ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு, வண்டி ஓடும்போதே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். அதற்காகச் செய்தது. உங்கள் வேலை நேர்மாறு. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பாதிக்குக் கீழே இறக்குகிறீர்கள். சில மாதத்தில் தகட்டிலிருந்து மாவு உதிர்ந்து அடியில் தங்கிவிடும்.

சோலார் விளக்குக்கு வரும் சி10 டியூபுலர், 75 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) வாங்குங்கள். பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். தடித்த குழாய்த் தகடு, தினமும் இறக்கி ஏற்றுவதற்கென்றே வந்தது. ஒன்று கவனியுங்கள்: சி20 என்று போட்ட 75 ஏஎச்சும் சி10 என்று போட்ட 75 ஏஎச்சும் ஒன்றல்ல. சி20 என்றால் இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கி அளந்தது, சி10 பத்து மணி நேரத்தில் அளந்தது. உங்கள் ராத்திரிக் கணக்குக்கு சி10 எண்தான் பக்கத்தில் வரும்.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலையும் கழியும்.

கொளச்சல் வள்ளம்:
அண்ணன் கார் பேட்டரி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் டியூபுலரை எங்கே சார்ஜ் போடுவது? நாகைத் தம்பி, உங்கள் படகு நிற்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா?

நாகை ஃபைபர்:
இல்லை அண்ணே. கடுவையாற்றில் கட்டுகிறோம். வீட்டுக்குத் தூக்கிப்போய்த்தான் சார்ஜ்.

கொளச்சல் வள்ளம்:
அப்படியானால் ஈயமே வேண்டாம். 75 ஏஎச் டியூபுலர் முப்பது கிலோவை ஒட்டி வரும். ராத்திரி முழுக்கக் கடலில் நின்றுவிட்டு, மீனையும் இறக்கிவிட்டு, அந்தக் கனத்தைத் தோளில் வைத்துச் சந்துக்குள் நடக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆசிட் சட்டையில்.

கனத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். ஈயம் முதல் 80 சதவீதம் வரைக்கும் ஓரளவு வேகமாக ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் இழுக்கும். நீங்கள் காலை ஏழு மணிக்கு சார்ஜில் போட்டு நாலு மணிக்கு எடுத்தால், நடுவில் கரண்ட் ஒரு மணி நேரம் போனாலே அது நிறையாமல்தான் கடலுக்குப் போகிறது. தினமும் இப்படி அரைகுறையாக ஏற்றினால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும். ஆயிரம் தடவைக்கு மேல் தாங்கும் என்று டியூபுலர் அட்டையில் போட்டிருப்பது ஒவ்வொரு தடவையும் முழுசாக நிரப்பினால்தான்.

50 ஏஎச் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயன் பாஸ்பேட், ஆறேழு கிலோ. ஒரு கையில் தூக்கலாம். 10 ஆம்பியர் சார்ஜரில் நாலைந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறையாமல் எடுத்துப் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

கடலூர் பேட்டரிக் கடை:
75க்குப் பதில் 50 என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். லித்தியத்தில் என் பயம் விலை இல்லை, அது எப்படி நிற்கிறது என்பதுதான். ஈயம் இறங்கும்போது 12.6, 12.3, 12.1 என்று மெல்ல இறங்கும், விளக்கு மங்கும், ஆளுக்குத் தெரியும். எல்எஃப்பி கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் 13 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும், பிறகு சட்டென்று விழும். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் கட் செய்துவிட்டால் வயர்லெஸ், ஜிபிஎஸ், விளக்கு மூன்றும் ஒரே நொடியில் போகும். கரையிலிருந்து இருபது கடல் மைல் தள்ளி, கப்பல் போகிற பாதையில், விளக்கில்லாத படகு. அதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சந்தையில் வருவதெல்லாம் புது செல்லா? பழைய வண்டி பேட்டரியைப் பிரித்து, சத்து போன செல்லைக் கட்டி, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டி 100 ஏஎச் என்று விற்கிறார்கள். அதை யார் திறந்து பார்ப்பது? ஈயத்தில் மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டால் ஆறு அறையின் கதையும் தெரிந்துவிடும். ஐந்தில் 1.260, ஒன்றில் மட்டும் 1.150 என்றால் அந்த அறை போய்விட்டது, அவ்வளவுதான்.

கொளச்சல் வள்ளம்:
சட்டென்று நிற்கும் என்பது உண்மை, மறுக்கவில்லை. அதற்குத்தான் ஷண்ட் மீட்டர் இருக்கிறது. எவ்வளவு ஆம்பியர் போனது, எவ்வளவு மிச்சம் என்று எண்ணிக் காட்டும். வோல்ட் மீட்டரைப் பார்த்து லித்தியத்தை எடை போடக் கூடாது.

ஈயத்தின் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்குள் கடல் தண்ணீர் இறங்கினால், சார்ஜ் ஏறும்போது உப்பிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வரும். அதை மூடிய வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடும் வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. 2017 ஒக்கி புயல் அடித்த கரை எங்களுடையது. வயர்லெஸ் சாகக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் வித்தியாசமே இல்லை அண்ணே.

மரைன் ஒயரிங்:
இரண்டு பேரும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் சொன்ன கோளாறை இன்னொரு தடவை படியுங்கள். மைக்கை அழுத்தும்போது மட்டும்தான் ஜிபிஎஸ் அணைகிறது. 25 வாட் விஎச்எஃப் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது, பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தால், அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருந்தால், அந்த நேரத்தில் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். எந்த பேட்டரி போட்டாலும் இது தொடரும்.

நாகைத் தம்பி, ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். முந்நூறு ரூபாய் மீட்டர் போதும். மைக்கை அழுத்திக்கொண்டே பேட்டரி முனையில் ஒரு தடவை, ஜிபிஎஸ் பின்னால் ஒயர் சேரும் இடத்தில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். ஒயர் என்ன கனம், எத்தனை மீட்டர் என்பதும் வேண்டும். சேனல் 16 அவசர அழைப்புக்கானது, அதில் அழுத்தி விளையாட வேண்டாம், வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தங்குகடல் தூத்துக்குடி:
விசைப்படகு ஆட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் எஞ்சின் செல்ஃப் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டியது. அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஜிபிஎஸ், விளக்கு ஓட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒன்று பசியிலும் ஒன்று நிறைந்தும் கிடந்து இரண்டும் சீக்கிரம் போய்விடும். கன்வெர்ட்டர் போடுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸுக்குத் தனி பேட்டரி வையுங்கள். ஸ்டார்ட் பேட்டரி ஸ்டார்ட்டுக்கு மட்டும்.

லித்தியத்தை எஞ்சின் ஆல்டர்னேட்டரில் நேராக மாட்டுவதும் ஆபத்து. அது வருகிற கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் கட் ஆனால் டயோடு போகும். நடுவில் கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் இருக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஈய பேட்டரியைக் கேபிளோடு அப்படியே விட்டுவிட்டு ஜூனில் வந்து பார்த்தால் 11 வோல்ட்கூட இல்லாமல் போகலாம். வெயில் காலத்தில் தானாக இறங்குவதும் அதிகம். கேபிளைக் கழற்றிவிட்டு மாதம் ஒரு தடவை முழுசாக ஏற்றியே ஆக வேண்டும். லித்தியம் என்றால் பாதிக்குச் சற்று மேலே வைத்துக் கழற்றிப் போட்டால் போதும்.

நாகை ஃபைபர்:
அளந்துவிட்டேன். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.3. மைக்கை அழுத்தினால் பேட்டரி முனையில் 11.4, ஜிபிஎஸ் பின்னால் 10.2. ஒயர் ஒரு ஸ்கொயர் எம்எம், பேட்டரிப் பெட்டியிலிருந்து ஐந்து மீட்டர் போகிறது. வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் அதே ஒயரில்தான். பெட்டிக்குள் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. டேப்பைப் பிரித்தால் செம்பு கறுத்துப் போயிருக்கிறது.

மரைன் ஒயரிங்:
அப்படியானால் இரண்டும் போய்விட்டன. ஆறேழு ஆம்பியருக்கே பேட்டரி முனையில் 0.9 வோல்ட் விழுகிறது என்றால் பேட்டரி முடிந்தது. ஒயரில் இன்னொரு 1.2 போகிறது. போய் வர பத்து மீட்டர், ஒரு ஸ்கொயர் எம்எம் செம்பில் ஏழு ஆம்பியர் ஓடினால் கணக்குப்படியே அவ்வளவு விழும். நாலு ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.3தான் விழும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் அதுவே சிறந்தது, உப்புக் காற்றில் கறுக்காது. வயர்லெஸ்ஸுக்குத் தனி ஒயர், ஜிபிஎஸ்ஸுக்குத் தனி ஒயர். முறுக்கி டேப் போடுவது கூடவே கூடாது, ஒயர் முனையில் லக் என்ற உலோகக் கொண்டியை வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பாசிட்டிவில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஃபைபர் தீப்பிடித்தால் கடலில் அணைக்க முடியாது.

இப்போது அளவு. ஜிபிஎஸ், எக்கோ சேர்ந்து 1.2 ஆம்பியர் என்று வைத்தால் பன்னிரண்டு மணிக்கு 14 ஏஎச். வயர்லெஸ் கேட்பதற்கு 5. மேல் விளக்கு 4. 20 வாட் எல்இடி நாலு மணி நேரத்துக்கு 7. பேசுவதற்கும் செல்போனுக்கும் 5. மொத்தம் 35 ஏஎச். ஈயத்தைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்றால் 70, 75 வேண்டும். எல்எஃப்பியில் 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், 50 போதும். ஆக, கொளச்சல்காரர் 75ஐ 50 ஆக்கியது சுலபமாகச் சொன்னதில்லை, சரியான ஒப்பீடு அதுதான். 100 ஏஎச் ஈயத்தையும் 100 ஏஎச் லித்தியத்தையும் பக்கத்தில் வைத்து விலை பார்ப்பதால்தான் லித்தியம் எட்டாத விலையாகத் தெரிகிறது.

கடலூர் பேட்டரிக் கடை:
கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் சார்ஜர் எங்கே? லித்தியத்துக்கு 14.4, 14.6 வோல்ட்டில் நிற்கும் தனி சார்ஜர் வேண்டும். தெருமுனைக் கடையின் பழைய சார்ஜர் 16 வோல்ட் வரைக்கும் தள்ளும். அதில் ஒரு நாள் மாட்டினால் நல்ல நேரமாக இருந்தால் பிஎம்எஸ் கட் ஆகும், இல்லையென்றால் பிஎம்எஸ்ஸே போகும். பிறகு நாகையில் அதைத் திறந்து சரிசெய்ய ஆள் யார்? டியூபுலரில் தண்ணீர் குறைந்தால் வீட்டுப் பெண்களே டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிடுவார்கள்.

கொளச்சல் வள்ளம்:
சார்ஜரோடு சேர்த்தே எங்கள் பக்கம் 50 ஏஎச் பதினைந்து, பதினாறாயிரம் சொல்கிறார்கள். ஆள் இல்லை என்பது நியாயமான கேள்வி, அதனால்தான் ஆன்லைனில் வாங்காதீர்கள் என்கிறேன். வாரன்டி கார்டில் சீல் போட்டுக் கொடுக்கும், போய் நின்று கேட்க முடிகிற கடையில் வாங்க வேண்டும். எந்த உபயோகத்துக்கு வாரன்டி என்று கார்டில் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஈயம், லித்தியம் இரண்டுக்கும் இது பொருந்தும்.

நாகை ஃபைபர்:
முதலில் ஒயரை மாற்றுகிறேன். பேட்டரி 50 ஏஎச் எல்எஃப்பிதான் எடுக்கப் போகிறேன் அண்ணே, தூக்குவது அப்பா. அவரால் முப்பது கிலோ முடியாது. சட்டென்று கட் ஆகும் என்று கடலூர் அண்ணன் சொன்னது மட்டும் உறுத்துகிறது.

கடலூர் பேட்டரிக் கடை:
அப்பா தூக்குகிறார் என்றால் நான் தடுக்க மாட்டேன். இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். 12 வோல்ட்டில் சின்ன சீல்டு பேட்டரி, 7 ஏஎச்சோ 12 ஏஎச்சோ, ஒன்று வாங்கி, வயர்லெஸ்ஸுக்கும் மேல் விளக்குக்கும் மட்டும் மாற்று சுவிட்ச் போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை அதையும் ஏற்றுங்கள். லித்தியம் நின்றாலும் கூப்பிட வழி இருக்கும்.

இரண்டாவது, வாங்கிய அன்றே கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். முழுசாக ஏற்றி, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, நேரத்தைக் குறித்து வையுங்கள். நல்ல 50 ஏஎச் என்றால் பத்து மணி நேரத்தை ஒட்டி எரியும். எட்டு மணி நேரத்துக்குள் அணைந்தால் அது 50 ஏஎச் இல்லை, மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல்பு கொதிக்கும், ஓடு மேலேயோ தகரத்திலோ வைத்து எரிய விடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம்.