உரக்குவியல் நாறினால் சருகு போதவில்லை என்று அர்த்தம்

புழக்கடையில் குவியல் போட நினைப்பவர்கள் காய்கறித் தோலைத்தான் சேர்க்கத் தொடங்குகிறார்கள். அது தினமும் தானாக வரும். முதலில் சேர்க்க வேண்டியது சருகு. ஒரு வாளி தோலுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த இலை பிடிக்கும். மாசி, பங்குனியில் மரம் கொட்டும்போதே சாக்குகளில் கட்டி நனையாமல் வைத்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் தேடினால் சொதசொத இலைதான் மிஞ்சும்.

அடியில் ஒடித்த குச்சிகளை அரையடிக்குப் பரப்பினால் காற்று ஏறும். அதன்மேல் சருகு, கழிவு, மறுபடி சருகு. அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் சாணிக்கரைசல். நீள, அகல, உயரம் மூன்றடியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் சூடு நிற்காது. நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் களை விதைகள் சாகும். வாரம் ஒருமுறை கிளறி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளுங்கள்.

*

மேலே அண்ணன் சொன்ன அளவு சரிதான். மீதியை மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டிருக்கிறது. மூத்திர நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து சருகும் கிளறலும்தான். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

தட்டையாக, சாம்பல் நிறத்தில் நெளியும் புழுவைக் கண்டு பதற வேண்டாம், அது கழிவைத் தின்று தீர்க்கும். விரல் பருமனில் வெள்ளையாக, பிறைபோல் சுருண்டு கிடப்பது வேறு சாதி: காண்டாமிருக வண்டின் புழு. இப்போது உரத்தைத்தான் தின்னும். வண்டான பிறகு தென்னங்குருத்தைக் குடையும். தென்னை உள்ள வீட்டில் கிளறும்போதெல்லாம் பொறுக்கி அழித்துவிடுங்கள். குவியலை மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் வண்டு அங்கேதான் முட்டையிடும்.

*

அக்கா, அவசரப்படக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரம் பக்குவமாகச் சுமார் மூன்று மாதம் ஆகும். சந்தேகமிருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரியுங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் வேகவில்லை. அரைவேக்காட்டைப் பாத்தியில் போட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும், நாம் யூரியாவைத் தேடுவோம்!

பக்குவமானதைச் சதுர மீட்டருக்கு மூன்று கிலோ வீதம் மேல் அரையடி மண்ணில் கலக்கலாம். வேரில் முடிச்சு விழும் மண்ணானால் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, அவரையை நேரடியாக ஊன்றலாம். வெண்டைக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. தக்காளியை நாற்றுவிட்டு 25 நாளுக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குக்கும் சருகுதான், தண்டை மட்டும் தொடக்கூடாது.

*

மீன் கழிவு போடலாமா?

*

கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். செதிலும் குடலும் குவியலுக்குப் போனால் பெருச்சாளி வரும்.