தெக்கேவிளை குடும்பம் குரூப்: மடத்துப் பள்ளிக்கூடப் பேச்சு

நான் (மாலை 5:40): எல்லாரும் கொஞ்சம் உதவணும் 🙏 வெள்ளிக்கிழமை பி.எட். செமினார். தலைப்பு: கத்தோலிக்கக் கன்னியர்களும் பெண் கல்வியும். கூகுள்ல இருந்து எடுத்தா மேடம் கண்டுபிடிச்சிருவாங்க.

பெரியப்பா பாறசாலை: இதுல கேக்க என்ன இருக்கு மக்களே? வெள்ளைக்கார சிஸ்டர்மாரு கப்பல்ல வந்து எறங்கின பிறகாக்கும் நம்ம பொம்பளைப் பிள்ளையளுக்கு எழுத்தே தெரிஞ்சது. அதை எழுது, மார்க் போடுவாங்க.

சித்தி தக்கலை: நம்ம பக்கம் வந்தது பெல்ஜியம் சிஸ்டர். மதர் மரி லூயிஸ் தெ மேஸ்டர். 1897ல நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்தாங்க.

அண்ணன் ஷார்ஜா: முளகுமூடா? 2021 எலெக்‌ஷனுக்கு ராகுல் காந்தி வந்து ஸ்கூல்ல தண்டால் எடுத்த ஊருல்லா 😂

சித்தி தக்கலை: ஒனக்கு அது மட்டும் மறக்காது.

சிஸ்டர் மாமி (இரவு 8:15): செபமாலை முடிஞ்சு இப்பதான் போனைப் பாக்கேன். அண்ணன் சொல்லுகதை எழுதிராதே பிள்ளே. பெல்ஜியம் மதர் வருகதுக்கு 31 வருஷம் முன்னாலேயே, 1866 பிப்ரவரி 13ஆம் தேதி, கேரளத்துல வராப்புழைக்குப் பக்கம் கூனம்மாவுல மடம் தொடங்கியாச்சு. தொடங்கினது எலீசுவா, ஓச்சந்துருத்துல பொறந்த மலையாளப் பொம்பளை. சின்ன வயசுலேயே தாலி அறுத்தவங்க. கூட இருந்தது சொந்த மகளும் தங்கச்சியும். மடம்னா மாடிக்கட்டடம்னு நெனைக்காதே, மூங்கில் பாய் வச்சு மறைச்ச குடில். 1868ல அங்கேயே பொம்பளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம்.

சிஸ்டர் மாமி: பக்கத்துல துணையா நின்னது ரெண்டு சாமிமாரு, இத்தாலிக்காரர் லெயோபோல்து, நம்ம சாவறை அச்சன். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு 1864லயே எல்லா பங்குக்கும் (கோயில் வட்டாரத்துக்கும்) உத்தரவு போட்டவர் சாவறை அச்சன். அவருக்கு 2014ல புனிதர் பட்டம் குடுத்தாச்சு. எலீசுவாம்மாவுக்கு இப்பதான், 2025 நவம்பர் 8ல, வல்லார்பாடத்துல அருளாளர் பட்டம், புனிதருக்கு ஒரு படி கீழ. பொம்பளைன்னா வரிசையில கடைசிதான்.

பெரியப்பா பாறசாலை: அது மலையாளத்துக்காரி. தமிழ்ல யாரு உண்டும்?

சிஸ்டர் மாமி: பாண்டிச்சேரி. 1844. துய்ப்புய் சாமி பிரெஞ்சுக்காரர்தான், ஆனா அவர் சேர்த்தது தமிழ்ப் பிள்ளையளை. பொம்பளைப் பிள்ளைக்குப் படிச்சுக் குடுக்கதுக்குன்னே தொடங்கின சபை, இன்னும் நடக்குது. போதுமா அண்ணே?

பெரியப்பா பாறசாலை: அப்பிடின்னா நாகர்கோவில்ல இருந்த இங்கிலீஷ் மிஷனரி மால்ட் அம்மாவை எங்க வைப்பா? கத்தோலிக்கருக்கு எவ்வளவோ முன்ன, 1820 வாக்குலேயே சீர்திருத்த சபைக்காரங்க பொம்பளைப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் வச்சாச்சு.

சிஸ்டர் மாமி: வச்சாங்க. லேஸ் பின்னவும் அவங்கதான் முதல்ல சொல்லிக்குடுத்தாங்க. அதை எழுதாம விட்டா சி.எஸ்.ஐ. பிள்ளையோ கிளாஸ்ல எழும்பி நின்னு கேக்கும், நியாயந்தான்.

நான்: மாமி, ஐரோப்பாவுல இது எப்ப தொடங்கிச்சு? அங்க லேசா நடந்திருக்கும் இல்லையா?

சிஸ்டர் மாமி: எங்க லேசு! கன்னியர்னா மதிலுக்கு உள்ளேயே கெடக்கணும், தெருவுல எறங்கப்படாதுன்னு 1566ல ஐந்தாம் பத்திநாதர் பாப்பு (போப் ஐந்தாம் பயஸ்) உத்தரவு போட்டாரு. வெளியே போய்ப் பாடம் சொல்லிக்குடுக்க கன்னியர் திருச்சபைக்குப் பெரிய தலைவேதனை. இங்கிலாந்துக்காரி மேரி வார்டு 1609ல அப்பிடி ஒரு கூட்டம் சேர்த்தாங்க, மதில் இல்லாம, ஆயருக்குக் கீழ இல்லாம. 1631ல பாப்பு அதைக் கலைச்சதோட நிக்கல்ல. அவங்களை மியூனிக்ல ஒரு மடத்துக்குள்ள பூட்டி வச்சாங்க. கன்னியரைப் பூட்ட இன்னொரு கன்னியர் மடம்!

அண்ணன் ஷார்ஜா: இது சினிமாக் கதை மாதிரி இருக்கு மாமி

சிஸ்டர் மாமி: அயர்லாந்துல வேற மாதிரி. அங்க கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தினா இங்கிலீஷ்காரன் சட்டப்படி குற்றம். நானோ நேகில் கார்க் பட்டணத்துல வீட்டுக்காரங்களுக்கே தெரியாம ஒளிச்சு நடத்தினாங்க. பிறகு 1775ல சபை. அந்தச் சபை சிஸ்டர்மாரு 1842ல மெட்ராஸ்ல வந்து எறங்கினாங்க. ஜெயலலிதா படிச்ச சர்ச் பார்க் அவங்க நடத்துகது. எங்களை மாதிரி வெளியே எறங்கி வேலை செய்ய சபையளை முழுத் துறவியரா ரோம் ஒத்துக்கிட்டது 1900லயாக்கும். கூனம்மாவுல பாய்க்குடில் போட்டு 34 வருஷம் கழிச்சு.

நான்: முளகுமூடு மதரும் அப்பிடி மதிலுக்குள்ள இருந்தவங்கதானா?

சிஸ்டர் மாமி: ஆமா. பெல்ஜியத்துல ஈப்ர் பட்டணத்து அகுஸ்தீன் மடம். இங்க வரும்போ நாப்பது வயசு. கூட வந்தது ஒரே ஒரு நவசந்நியாசினி, இன்னும் பயிற்சியில இருந்த கன்னியர். ரெண்டு பேராட்டு வந்து, அனாதைப் பிள்ளையளைப் பாத்து, பள்ளிக்கூடம், லேஸ் வேலைன்னு நடத்தி, அதுவே பெரிய சபையா வளந்து 1910ல பிலிப்பைன்ஸ் வரைக்கும் போச்சு. மணிலாவுல காலேஜ் நடத்தின சபைக்கு வேரு நம்ம முளகுமூட்டு மண்ணுல கெடக்கு. இதை நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியப்பா பாறசாலை: லேஸுன்னு சொன்னியே. அம்மை போட்டது அந்த லேஸுதானே.

சிஸ்டர் மாமி: அதேதான் அண்ணே. மடத்துல ரெண்டு மணிக்கூர் படிப்பு, மிச்ச நேரம் தலையணையில ஊசி குத்தி நூல் கட்டை போடுகது. நல்லா போட்டா கூலி. எனக்கும் ஒங்களுக்கும் புத்தகம் வாங்கினது அந்தக் கூலியில. அப்பா பனையேறின காசு அரிசிக்கே காணாது.

பெரியப்பா பாறசாலை: அம்மைக்க விரலு நுனியெல்லாம் காய்ச்சுப் போய் இருக்கும். கண்ணு மங்கினதும் அதுலதான். போட்ட லேஸு எவளோ வெள்ளைக்காரி மேசைக்குப் போச்சு.

சித்தி தக்கலை: மாமியார் கணக்குப் புத்தகம் என்கிட்ட உண்டு. தமிழ் எழுத்து, மலையாள எண்ணு. கூலி வாங்கின நாள் எல்லாம் எழுதி வச்சிருக்காங்க.

நான்: சித்தி!! போட்டோ அனுப்புங்க. இதுதான் எனக்கு வேணும்.

அண்ணன் ஷார்ஜா: நல்லது மட்டும் எழுதாதே. நான் படிச்ச ஒரு மடத்து ஸ்கூல்ல தமிழ் பேசினா அஞ்சு ரூபா ஃபைன். இப்ப மருமகளுக்கு சீட்டு கேட்டுப் போனா பீஸைக் கேட்டே தல சுத்துது. பனையேறி மகளுக்குத் தொடங்கினது இப்ப டாக்டர் மகளுக்கு நடக்குது.

சிஸ்டர் மாமி: அதுல எனக்கும் வருத்தம் உண்டு. எங்க சபையில கூடுற எல்லாக் கூட்டத்துலயும் சண்டை போட்டிருக்கேன். இங்கிலீஷ் மீடியத்துல வருக காசு மலையோர ஸ்கூலுக்குப் போவும்னு சொல்லுவாங்க. கொஞ்சம் போவும். எல்லாம் போவாது.

அண்ணன் ஷார்ஜா: சரி, சர்க்கார் ஸ்கூல் மாதிரி எய்டட்ல ஒங்களுக்கும் சம்பளம் வந்துச்சே மாமி, அது எங்க போச்சு?

சிஸ்டர் மாமி: எனக்க பேருல வரும், மதர் கையில போவும். செருப்பு அறுந்தா மதர்கிட்ட கேட்டு வாங்கணும். ஏழ்மை வார்த்தைப்பாடுன்னா அதுதான். வெள்ளைக்காரன் காலத்து 1944 சுற்றறிக்கையைக் காட்டி எங்க சம்பளத்துல வரி பிடிக்காம இருந்தாங்க. பிறகு பிடிக்கத் தொடங்கி, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2024 நவம்பர்ல தோத்தாச்சு. யாருக்குக் குடுத்தாலும் சம்பளம் சம்பளந்தான்னு சொல்லிட்டாங்க. கையில காசு இல்லாத எனக்கும் பான் கார்டு உண்டும்.

பெரியப்பா பாறசாலை: கேரளத்துக் கதையை விடப்படாது. 1956 நவம்பர் 1ல விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, பாறசாலை இங்கேயே நின்னுச்சு. மறு வருஷம் இங்க கல்வி மந்திரி முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா. சர்க்கார் லிஸ்டுல இருந்துதான் வாத்தியாரை எடுக்கணும்னு வந்ததும் அச்சன்மாரும் சிஸ்டர்மாரும் எதுத்து நின்னாங்க. 1959 ஜூலை 31ல முதலமைச்சர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையே போச்சு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓசையும் இல்ல.

சிஸ்டர் மாமி: உள்ளதுதான். அண்ணன் அப்பவே எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும், குரூப்ல வேண்டாம்.

பெரியப்பா பாறசாலை: 🙂

சிஸ்டர் மாமி: இன்னொரு பேரு குறிச்சுக்க. மெட்ராஸ்ல பொறந்த கிரேஸ் டி லீமா. எர்ணாகுளத்துல செயின்ட் தெரேசாஸ் ஸ்கூல் தொடங்கினவங்க, 1887. அது 1925ல காலேஜ் ஆச்சு. அதைப் பாக்க அவங்க இல்ல, 1902ல ஆந்திரப் பக்கம் மங்கபட்டணத்துல பாலம் உடைஞ்சு ரயில் விழுந்தப்ப போயிட்டாங்க.

நான்: மாமி, எனக்கு மொத்தமே எட்டு நிமிஷம்தான்.

சிஸ்டர் மாமி: அப்ப மேரி வார்டு ஒரு வரி. கிரேஸ் அம்மா ஒரு வரி. வருமான வரியை வெட்டு. கூனம்மாவும் முளகுமூடும் போதும். அம்மைக்க கணக்குப் புத்தகத்தைப் பெருசா காட்டு.

பெரியப்பா பாறசாலை: 1959?

சிஸ்டர் மாமி: அது அண்ணனுக்க செமினாருக்கு. மணியடிச்சாச்சு, நான் போறேன்.