புதுப்பிப்பு: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் + மிக்குனி விஎம் 24 கார்புரேட்டர், கடைசியில செட் ஆயிடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, இந்த 24 எம்எம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புறது) மாட்டினதிலிருந்து ஊருக்குள்ள கால்வாசி த்ராட்டில்ல திக்குது, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் ஸ்ட்ரெயிட்ல ஃபுல் த்ராட்டில் குடுத்தா இழுக்கவே மாட்டேங்குதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல் குற்றவாளி ஜெட்டே (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற துளை) இல்லங்க. கார்புரேட்டரை எஞ்சினோட இணைக்கிற மேனிஃபோல்டு ரப்பரைக் கழட்டி வளைச்சுப் பாத்தா அடிப்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், அது வழியா காத்து உள்ள போயிருக்கு, அதான் ஆக்ஸிலேட்டர விட்டாலும் ஐடில் இறங்காம அங்கேயே நின்னுச்சு. லீன்ல (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) ஓடின டூ ஸ்ட்ரோக், பிஸ்டன் சீஸ் ஆகி இறுகியிருக்கணும், தப்பிச்சேன்.

ரப்பர் மாத்திட்டு ஃபுல் த்ராட்டிலுக்கான மெயின் ஜெட்ல ஆரம்பிச்சேன், 150ல இருந்து 170 போட்டா டாப்ல பெட்ரோல் ஜாஸ்தியாகி கொழகொழன்னு ஆச்சு, 160ல நின்னேன். நாலாவது கியர்ல முழுசா முறுக்கி, அப்படியே கிளட்ச் புடிச்சு எஞ்சினை ஆஃப் பண்ணி உருட்டி ஓரம் நிறுத்தி பிளக்கைக் கழட்டினா, உள்ள அடியில போர்சலின்ல டீ கலர்ல ஒரு வளையம், கலவை சரின்னு அர்த்தம், அதைப் பாத்தப்போ வந்த சந்தோஷம் இருக்கே!

நடு த்ராட்டிலுக்குப் பெட்ரோல் அளவைப் பாத்துக்கிற நீடிலோட (ஊசி) கிளிப்பை ஒரு காடி கீழ இறக்கினதும் நடு த்ராட்டில் சரியாச்சு. ஐடில்ல காத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடிட்டு அரை சுத்து திறக்குறதுக்குள்ளயே நல்லா ஓடுச்சு, அப்படின்னா பைலட் ஜெட் (ஐடிலுக்கான பெட்ரோல் துளை) சின்னதுன்னு அர்த்தம், ஒரு சைஸ் ஏத்தினேன், இப்போ ஒன்றரை சுத்து.

ரோட்டுக்கு இதே செட்டிங்தான், ட்ராக் அன்னிக்கு மட்டும் மெயின் 165.