ஜெர்மன் இன்ஜினியருக்கு எம்ப்ளாய்மென்ட் விசா: ஜனவரியில் சேர எப்போது தொடங்க வேண்டும்?

பீன்யா:
வணக்கம். பெங்களூரில் எங்கள் கம்பெனி மெஷின் டூல்ஸ் செய்கிறது. ஜெர்மனியிலிருந்து ஒரு டிசைன் இன்ஜினியரை நேரடியாக எங்கள் சம்பளப் பட்டியலிலேயே எடுக்கிறோம், இரண்டு வருட ஒப்பந்தம். ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும். ரொக்கச் சம்பளம் வருடத்துக்கு 14 லட்சம். அதோடு கம்பெனி வாடகைக்கு எடுத்துத் தரும் ஃபிளாட், மாதம் 45,000. மொத்தம் 19.4 லட்சம் ஆகிறது, விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பைத் தாண்டிவிட்டோம் என்கிறது அக்கவுன்ட்ஸ். எப்போது ஆரம்பித்தால் சரியாக இருக்கும்? நேரம் போதாவிட்டால் பிசினஸ் விசாவில் வரவழைத்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாமா என்று நிர்வாகம் கேட்கிறது.

கோரமங்களா:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பிசினஸ் விசாவை இந்தியாவுக்குள் எம்ப்ளாய்மென்ட் விசாவாக மாற்றித் தர மாட்டார்கள். அவர் திரும்பிப் போய், சொந்த நாட்டிலோ இரண்டு வருடத்துக்கு மேல் நிரந்தரமாகக் குடியிருக்கும் நாட்டிலோ உள்ள இந்தியத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் பிசினஸ் விசாவில் வேலை பார்த்திருந்தால் அது விதிமீறல், அடுத்த விண்ணப்பத்தையும் பாதிக்கும்.

அக்டோபர் கடைசியில் பேப்பர் வேலையைத் தொடங்குங்கள். தாமதம் பெரும்பாலும் தூதரகத்தில் நடப்பதில்லை, நம் பக்கத்தில்தான். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், கம்பெனியின் பதிவுச் சான்று, பான், வருமான வரி ரிட்டர்ன், அவருடைய படிப்பு மற்றும் அனுபவச் சான்றுகள், அவர் நடத்தைக்கும் தேவைப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவுக்கும் கம்பெனி பொறுப்பேற்கும் உறுதிமொழி என்று எல்லாம் சேரவே இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். இந்த வேலைக்கு ஏன் இந்தியர் கிடைக்கவில்லை என்ற கடிதத்தைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்த மெஷின், எந்த டிசைன் முறை, அதில் அவருக்கு எத்தனை வருட அனுபவம் என்று எழுதுங்கள். கிளார்க், செகரட்டரி மாதிரியான வேலைகளுக்கு இந்த விசாவே கிடையாது, அதனால் பதவிப் பெயரிலும் கவனம் வேண்டும்.

தூதரகத்தில் கொடுத்த பிறகு மூன்று நான்கு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறை வேறு குறுக்கே வரும். அதற்காக செப்டம்பரிலேயே விசா வாங்கிவிடவும் வேண்டாம். செல்லுபடிக் காலம் வழங்கிய தேதியிலிருந்தே ஓடும், அவர் விமானம் ஏறும் நாளிலிருந்து அல்ல.

அல்சூர்:
பீன்யா, உங்கள் அக்கவுன்ட்ஸ் கணக்கு தவறு. விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 16.25 லட்சம். வாடகையில்லா வீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் வருமான வரிக்கு அது என்ன மதிப்பு பெறுகிறதோ அந்த அளவுக்கு மட்டும். கம்பெனி லீஸுக்கு எடுத்த வீடென்றால் உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், எது குறைவோ அது. நீங்கள் 5.4 லட்சம் வாடகை கட்டினாலும் கணக்கில் ஏறுவது சுமார் 1.4 லட்சம். ஆக மொத்தம் 15.4 லட்சம், வரம்புக்குக் கீழே. ரொக்கத்தையே 16.25க்கு மேல் ஏற்றி, ஒப்பந்தத்தில் ரூபாயில் தெளிவாகப் போடுங்கள். ஆஃபர் லெட்டர் போயிருந்தால் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்குங்கள். இரண்டு தாளில் இரண்டு தொகை இருந்தால் கேள்வி வரும்.

பீன்யா:
மிக்க நன்றி, இன்றே திருத்தச் சொல்கிறேன். வந்த பிறகு எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு, பி.எஃப். இரண்டும் எப்படி?

ஜெயநகர்:
விசா 180 நாளுக்கு மேல் என்பதால் பதிவு கட்டாயம். இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து 14 நாள். வேலையில் சேர்ந்த நாளை வைத்து எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய. விண்ணப்பம் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில், நேரில் வரச் சொன்னால் மட்டும் சாந்திநகர் ஆபீஸ்.

இங்கே சிக்குவது ஃபார்ம் சி (2025 புதிய விதிகளில் அதன் பெயர் ஃபார்ம் III). வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு ஓனர் ஆன்லைனில் தர வேண்டியது அது. நம்ம ஊர் ஓனர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, லாகின்கூட இருக்காது. ஃபிளாட் பேசி முடிக்கும்போதே ஓனரிடம் சொல்லி, பதிவு செய்ய வைத்துவிடுங்கள். அக்ரிமென்ட் கம்பெனி பெயரில் இருக்கும், ஆகவே இவர்தான் அங்கே குடியிருக்கிறார் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் சேருங்கள். முதல் சில வாரம் சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் ஃபார்ம் சி சுலபம், ஆனால் வீடு மாறியதும் முகவரி மாற்றத்தையும் அதே தளத்தில் பதிய வேண்டும். குடும்பம் வந்தால் அவர்களில் பெரியவர்களுக்கும் தனித்தனிப் பதிவு.

பான் கார்டுக்கு வெளிநாட்டவருக்கான தனிப் படிவம். முதல் சம்பளத்துக்குள் வராவிட்டால் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) குறைந்தது 20 சதவீதம் பிடிக்க நேரும்.

பி.எஃப்.பில் வெளிநாட்டவருக்கு 15,000 ரூபாய் வரம்பு இல்லை, முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம். ஜெர்மனியோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறதே, பி.எஃப். விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள். அந்த விலக்கு, ஜெர்மன் கம்பெனி தன் ஆளை இங்கே அனுப்பி, அந்த நாட்டுத் திட்டத்திலேயே அவர் தொடர்கிறார் என்ற கவரேஜ் சர்டிபிகேட்டை அங்கிருந்து வாங்கி வந்தால்தான். உங்களுடையது நேரடி நியமனம், அது பொருந்தாது. இந்த வெளிநாட்டவர் பிரிவையே 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதை நம்பிப் பிடித்தத்தை நிறுத்தும் முன் உங்கள் பி.எஃப். கன்சல்டன்டிடம் எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.