பாட்டி வீட்டு குரூப்ல பிரின்சி ஞானஸ்நானம் பத்தி பேசினது

குரூப்: பாட்டி வீட்டு உறவுகள்

வியாழன்

பிரின்சி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயம் இங்கயே சொல்லிடுறேன், ஒவ்வொருத்தர்ட்டயா சொன்னா ஒவ்வொரு மாதிரி போய்ச் சேரும். வர்ற ஞாயித்துக்கிழமை காலைல நான் முழுக்கு ஞானஸ்நானம், அதாவது தண்ணிக்குள்ள முழுசா முங்கி எடுக்குற ஞானஸ்நானம், எடுக்கப் போறேன். சென்னைல நான் போற சபையோட நெல்லை கிளைல, தாமிரபரணி ஆத்துல வச்சு கொடுக்குறாங்க. அப்பா அம்மாட்ட நேத்தே சொல்லிட்டேன்

பெரியப்பா: பிரின்சி, நீ ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்றவள். திடப்படுத்தலும், அதாவது வளந்தப்புறம் விசுவாசத்தை நீயே அறிக்கை பண்ணுத ஆராதனையும், எடுத்தாச்சு. நம்ம சேகரத்து (நம்ம பகுதி சபையோட) ரிஜிஸ்டர்ல உன் பேர் இருக்கு. எபேசியர் 4:5 எடுத்து வாசி. "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்". நிசேயா விசுவாசப் பிரமாணத்துலயும் ஒரே ஞானஸ்நானம்னுதான் சொல்லுதோம்

பிரின்சி: பெரியப்பா நானும் ஒரே ஞானஸ்நானம்தான் நம்புறேன். அந்த ஒண்ணைத்தான் இப்ப எடுக்கப் போறேன். மாற்கு 16:16ல "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்"னு இருக்கு, விசுவாசம் முன்னாடி வருது. கைக்குழந்தைக்கு என்ன விசுவாசம் இருக்கும்

பெரியப்பா: அப்போ உனக்குக் கொடுத்தது என்ன? வெறும் தண்ணியா?

பெரியப்பா: பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் "அவனும் அவனுடையவர்கள் அனைவரும்" வாங்கினதா அப்போஸ்தலர் 16ல இருக்கு. வீடுன்னா அதுல சின்னப் பிள்ளைக இல்லாமலா

பிரின்சி: பிள்ளைங்க இருந்தாங்கன்னும் அதுல எழுதல பெரியப்பா. அதோட அப்போஸ்தலர் 19 பாருங்க, எபேசுல ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஏற்கனவே ஞானஸ்நானம் வாங்கினவங்க, பவுல் மறுபடி கொடுக்க வைக்கிறாரே

ஜெபா அண்ணன்: அது யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானம்மா, மனந்திரும்புதலுக்கு உள்ளது. இயேசுவோட நாமத்துல அவங்க முதல் தடவ வாங்கினதே அன்னைக்குத்தான். அத வச்சு ரெண்டாவது கொடுக்கலாம்னு சொல்ல முடியாது

ரோஸி மதினி: நான் ஆர்சில (ரோமன் கத்தோலிக்க சபைல) இருந்து வந்தவ, இதுல நான் பேசலாமான்னு தெரியல. எங்க கோயில்ல திருமுழுக்கு, நீங்க ஞானஸ்நானம்னு சொல்றதுதான், அழியாத முத்திரைன்னு சொல்லித் தருவாங்க, ஒரு தடவ விழுந்தா பாவம் செஞ்சாலும் விட்டுப் போனாலும் அது போகாது. எனக்கு ஜெபாவோட கல்யாணம் முடிவானப்ப உங்க சபை ஐயர் (போதகர்) என்ட்ட திருமுழுக்கு சான்றிதழ் மட்டும்தான் கேட்டாரு, திரும்ப எடுன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அன்னைக்கு மனசு அவ்வளவு லேசாச்சு. என் அம்மா அப்பா தூத்துக்குடில எனக்குச் செஞ்சத இந்த வீட்ல மதிக்கிறாங்கன்னு தோணுச்சு

ரோஸி மதினி: சந்தேகம் இருந்தா மட்டும், அதாவது நடந்துச்சா இல்லையான்னே தெரியலன்னா, சாமியார் "நீ திருமுழுக்கு பெறாதிருந்தால்"னு ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுப்பாரு. அவ்வளவு கவனமா இருப்பாங்க, தெரியாம கூட ரெண்டு தடவ ஆயிரக்கூடாதுன்னு

பிரின்சி: மதினி நீங்க தாராளமா பேசலாம்

ஜெபா அண்ணன்: இந்தக் கேள்வி இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. கி.பி. 256ல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்ல ஆயர்கள் கூடி, சபையை விட்டுப் பிரிஞ்சவங்க கொடுத்தது ஞானஸ்நானமே இல்ல, திரும்பி வர்றவங்களுக்கு நாமதான் கொடுக்கணும்னு முடிவு பண்ணாங்க, அந்த ஊர் ஆயர் சிப்ரியான்தான் அதுக்குத் தலைமை. அவரும் நீ நினைக்கிற மாதிரியேதான் இது ரெண்டாவது இல்ல, முதலாவதுன்னு சொன்னாரு. ரோம்ல ஆயரா இருந்த ஸ்தேவான் ஒத்துக்கல, கை வச்சு ஜெபிச்சு சேர்த்துக்கிட்டா போதும்னாரு. பின்னால ஆயர் அகுஸ்தீன் வந்து, கொடுக்கிற மனுஷன் எப்படிப்பட்டவனா இருந்தாலும் ஞானஸ்நானம் கிறிஸ்துவோடது, அதனால அது நிக்கும்னு சொல்லி மேற்கத்திய சபைல அதுதான் நிலைச்சுது. நான் இதுல அகுஸ்தீன் பக்கம், மறைக்கல

பிரின்சி: அண்ணா சுவிட்சர்லாந்து சூரிக்ல நடந்ததையும் சொல்லுங்க. 1525 ஜனவரில ஒரு வீட்ல கூடி ஒருத்தருக்கொருத்தர் ஞானஸ்நானம் கொடுத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு அனபாப்டிஸ்ட், அதாவது மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கிறவங்கன்னு பேர் வச்சது எதிராளிங்க, அவங்க அந்தப் பேரை ஏத்துக்கவே இல்ல. 1527 ஜனவரில ஃபீலிக்ஸ் மான்ஸ்ங்கிறவரைக் கட்டி லிம்மத் ஆத்துல முக்கிக் கொன்னாங்க. கொன்னதும் சீர்திருத்தச் சபை ஊர்க்காரங்கதான். இத எங்க கிளாஸ்ல சொன்னப்ப எனக்கு அழுகை வந்துச்சு

ஜெபா அண்ணன்: அது சபை செஞ்ச பாவம், ஒத்துக்கறேன். அதுக்கு ஒரு சமாதானமும் சொல்ல மாட்டேன்

டேனியல் சித்தப்பா: டெல்லில இருந்து நானும் ஒண்ணு சொல்லுதேன். 1970ல நாக்பூர்ல வட இந்தியத் திருச்சபை ஒண்ணா சேந்தப்ப ஆங்கிலிக்கனும் பாப்டிஸ்டும் ஒரே சபைக்குள்ள வந்தாங்க. அதனால எங்க சபைல ஒரு பெஞ்சுல உக்காந்திருக்க ரெண்டு பிள்ளைல ஒண்ணு கைக்குழந்தையா ஞானஸ்நானம் வாங்கினது, இன்னொண்ண பிரதிஷ்டை மட்டும், அதாவது தண்ணி இல்லாம ஜெபிச்சு கர்த்தர்ட்ட ஒப்புக்கொடுக்கறது மட்டும், பண்ணி வச்சிருக்காங்க, அது பெரிசானப்புறம் தானே கேட்டு வாங்கும். ரெண்டும் சரின்னு ஏத்துக்கிட்டாங்க. ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டும்ங்கிறதுதான் சிக்கல், இணைப்புப் பேச்சு அத்தனை வருஷம் இழுத்ததுல இதுவும் ஒண்ணு

பெரியப்பா: 1982ல லீமால உலகத் திருச்சபைகள் மன்றம் தந்த அறிக்கையிலயும் ஞானஸ்நானம் திரும்பச் செய்ய முடியாததுன்னுதான் இருக்கு. நான் அந்தக் காலத்துல ஆசிரியர் ஐக்கியத்துல இத வாசிச்சு பேசியிருக்கேன்

பிரின்சி: பெரியப்பா, பாளையங்கோட்டைல 1778ல ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் குளோரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப அவங்க வளர்ந்த பொம்பள, தானே கேட்டு வாங்கினாங்க. நம்ம நெல்லை சபையோட தொடக்கமே கேட்டு வாங்கினதுதானே

பெரியப்பா: அவங்க முதல் தலைமுறை. கேட்டுத்தான் வாங்க முடியும். நீ பிறக்கும்போதே உனக்காகக் கேக்க ஒரு வீடே இருந்துச்சு

வெள்ளி

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியப்பா: ராத்திரி கோவத்துல ஒண்ணு எழுதிட்டேன், அழிச்சிட்டேன். எனக்குள்ள பயத்தை மட்டும் சொல்லுதேன். உங்க அப்பா சேகரக் கமிட்டில இருக்கான். சில இடத்துல ரெண்டாவது எடுத்தவங்க பேரை எடுத்துருதாங்க, நாளைக்கு கல்லறைத் தோட்டத்துல இடம் கேக்கும்போது கூட பேச்சு வருது. உன் பாட்டி பக்கத்துல படுக்க வேண்டிய பிள்ள நீ

அம்மா: அண்ணாச்சி காலங்காத்தால பிள்ளைக்கு கல்லறை பேச்சு வேண்டாம்

எஸ்தர் அத்தை: நான் நேத்து பூரா வாசிச்சிட்டுத்தான் இருந்தேன். எனக்கு டைப் பண்ண நேரம் ஆகும், பொறுங்க

எஸ்தர் அத்தை: பிரின்சி, ஒனக்கு ஞானஸ்நானம் ஆஸ்பத்திரில வச்சுன்னு தெரியும்லா. யாரு கொடுத்தான்னு தெரியுமா

பிரின்சி: ஐயர் வந்து கொடுத்தாங்கன்னு நினைச்சிருந்தேன் அத்தை

எஸ்தர் அத்தை: ஐயர் இல்லட்டி. நான்தான். நீ ஏழாம் மாசத்துல பொறந்த பிள்ள, ஒன்றரை கிலோ கூட இல்ல, நாலாம் நாள் ராத்திரி மூச்சு நின்னு நின்னு வந்துச்சு, டாக்டர் ஒங்க அப்பாவ வெளிய கூட்டிட்டு போயிட்டாவ, எனக்கு அன்னைக்கு நைட் டியூட்டி, ஐயருக்கு ஆள் அனுப்பினா அவர் அசன பண்டிகைக்கு (கோயில் விருந்துக்கு) வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டாவ. ஒங்க அம்மைக்கு எந்திரிக்க முடியல, படுத்த வாக்குல மதினி நீங்க கொடுத்துருங்கன்னு சொன்னா. பக்கத்துல ஒரு சில்வர் டம்ளர்ல ஆத்தி வச்ச வெந்நி இருந்துச்சு. இன்குபேட்டர் சைடு ஓட்டை வழியா கைய விட்டு பஞ்ச அதுல முக்கி ஒன் நெத்தில மூணு சொட்டு விட்டேன், ஒன் நெத்தி என் கட்டை விரல் அகலம் கூட இல்ல. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொல்லும்போதுதான் பேரே வைக்கலன்னு ஞாபகம் வந்துச்சு, என் வாயில பிரின்சின்னு வந்துச்சு, அதுதான் ஒன் பேரு

எஸ்தர் அத்தை: நீ பொழச்சு வீட்டுக்கு வந்து நாலு மாசம் கழிச்சு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனோம். ஐயர் என்ன நிப்பாட்டி வச்சு கேட்டாரு. யார் கொடுத்தது, யார் யாரு கூட இருந்தா, எதால கொடுத்தீங்க, என்ன வார்த்தை சொன்னீங்க. எல்லாம் சொன்னேன். எனக்கு மனசு ஒரே சங்கடம், நான் ஒரு நர்ஸ், பஞ்சுல தொட்டு வச்சது எல்லாம் ஒரு ஞானஸ்நானமான்னு, ஐயா நீங்க ஒரு தடவ ஒழுங்கா கொடுத்துருங்களேன்னு கேட்டேன். அவர் தண்ணிய தொடல. நீங்க கொடுத்ததுதான்மா ஞானஸ்நானம், நான் திரும்ப கொடுத்தா அது இல்லன்னு ஆயிரும்லா, அப்படின்னு சொல்லி ஒன்ன கையில வாங்கி சிலுவை போட்டு சபையில சேத்துக்கிட்டாரு. ரிஜிஸ்டர்ல என் பேரை எழுதுனாரு

அம்மா: 🙏 நான் அந்த டம்ளர இன்னும் வச்சிருக்கேன்

பிரின்சி: அத்தை

பிரின்சி: ஆபீஸ்ல உக்காந்து அழுதுட்டு இருக்கேன். பிரேக்ல எழுதுறேன்

பிரின்சி: அத்தை நீங்க செஞ்சத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். சத்தியமா. ஆனா நான் உண்மையா இருக்கணும். எனக்கு திடப்படுத்தல் நடந்தப்ப 14 வயசு, எங்க பேட்ச்ல நாப்பது பேர், வெள்ளை டிரஸ் தைச்சோம், வினாவிடை மனப்பாடம் பண்ணோம், பேராயர் தலைல கை வச்சாங்க, அன்னைக்கு மத்தியானம் பிரியாணி. எனக்கு உள்ள ஒண்ணுமே நடக்கல. போன வருஷம் வேலை போய் மூணு மாசம் ரூம்ல தனியா கிடந்தப்பதான் நான் கர்த்தர்ட்ட பேசினேன், அவர் என்ட்ட பேசினாரு. இப்ப எல்லார் முன்னாடியும் நான் அவரோடவன்னு என் வாயால சொல்லணும். அது இல்லாம என்னால இருக்க முடியல

ஜெபா அண்ணன்: பிரின்சி, திடப்படுத்தல்ங்கிறதே அத சொல்றதுக்குத்தான். அது ஒனக்கு மனப்பாடமா போச்சுன்னா அது எங்க தப்பு, சபையோட தப்பு. ஞானஸ்நான உடன்படிக்கைய புதுப்பிக்கிற ஆராதனை நம்மட்டயே இருக்கு, சாட்சி சொல்லலாம், ஆத்துல கூட நின்னு சொல்லலாம். உங்க பாஸ்டர்ட்ட கேளேன், ஞானஸ்நானம்னு சொல்லாம அப்படி ஏத்துக்குவாங்களான்னு

பிரின்சி: மத்தியானம் கேட்டேன் அண்ணா. ரொம்ப அன்பாதான் பேசினாங்க. ஆனா முழுக்கு இல்லன்னா சபைல அங்கத்தினரா சேக்க முடியாது, குழந்தைல வாங்கினத அவங்க ஞானஸ்நானம்னு எடுத்துக்கறது இல்லன்னு சொன்னாங்க. அத்தை கதையை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்த அம்மா செஞ்ச ஜெபத்த கர்த்தர் கேட்டாருன்னு சொன்னாங்க

எஸ்தர் அத்தை: ஜெபம் மட்டும் இல்லம்மா அது. ஆனா சரி

டேனியல் சித்தப்பா: ஒண்ணு மட்டும் யோசி. இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி குழந்தைல ஒண்ணு, காலேஜ்ல முழுக்கு ஒண்ணு, அப்புறம் இயேசுவின் நாமத்துல மட்டும் கொடுக்கணும்னு சொல்ற சபைக்குப் போனப்ப முதல் ரெண்டும் செல்லாதுன்னு மூணாவதா ஒண்ணு வாங்கினான். இப்ப அதுவும் சரியான்னு ராத்திரி தூங்காம கிடக்கான். திரும்பத் திரும்ப செய்யலாம்னு ஆயிட்டா எதுல காலை ஊணி நிப்ப

பிரின்சி: அது எனக்கும் பயம்தான் சித்தப்பா. அதுக்கு என்ட்ட பதில் இல்ல. ஆனா எனக்கு இது ஒரு தடவதான்

சனி

பிரின்சி: நெல்லை வந்துட்டேன். ராத்திரி அம்மா அந்த டம்ளர எடுத்துக் காட்டுனாங்க, அடில பேர் வெட்டியிருக்கு, பாட்டி பேரு. ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன். நாளைக்கு நான் போறேன். சாட்சி சொல்லும்போது அத்தை கொடுத்ததையும் சொல்லப் போறேன், எனக்காக ஒரு வீடே கேட்டுச்சுன்னு பெரியப்பா சொன்னதையும் சொல்லப் போறேன். பாஸ்டர்ட்ட சொல்லிட்டேன், அவங்க வேண்டாம்னு சொல்லல

பெரியப்பா: நான் வர முடியாது பிரின்சி. கரையில நின்னு பாத்தா நான் விசுவாசிக்கிறதுக்கு எதிரா நிக்கிற மாதிரி இருக்கும். வீட்ல முழங்கால்ல இருப்பேன். முடிச்சிட்டு நேரா இங்க வா, காலைச் சாப்பாடு இங்கதான்

பிரின்சி: வர்றேன் பெரியப்பா

எஸ்தர் அத்தை: எனக்கு அது ரெண்டாவதுதான், அத நான் மாத்த மாட்டேன். ஆனா ஆத்துத் தண்ணி காலைல ஜில்லுன்னு இருக்கும், ஒனக்கு சின்னதுலேருந்து நெஞ்சு சளி. நான் வாரேன், பெரிய துண்டு கொண்டு வாரேன், பிளாஸ்க்ல சுக்குக்காபியும்

அப்பா: 5 மணிக்கு கார் எடுக்கேன். வாறவங்க சொல்லுங்க